கல்லுக்கு என்ன செய்தார்கள்?

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக நகைக்கடைகள். அவற்றுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு மாடியில் நான் வேலை செய்யும் கல் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கனடாவில் இருந்து கலியாணத்துக்கு வந்தவர்கள், சாத்திரியார் சொன்னாரென்று வியாழனுக்குக் கனகபுஷ்பராகம் தேடும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள், மாமியாரின் அட்டியலைப் பங்கு பிரிக்கப் போகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "பிள்ளை, இது ஒறிஜினலோ?"

பேருவளைக் கல் வியாபாரிகள் அப்படிக் கேட்பதில்லை. மடித்த வெள்ளைக் கடதாசியைப் பிரித்துக் கல்லைத் தட்டில் உருட்டிவிட்டு, "மகள், இதுல சூடு இருக்கா?" என்பார்கள். அவர்கள் கேட்பதுதான் சரியான கேள்வி. கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று விற்கிறவன் இன்றும் இருக்கிறான், ஆனால் அவனைப் பிடிக்க என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. கொழும்புச் சந்தைக்கு வருகிற நீலக்கற்களில் பெரும்பாலானவை இரத்தினபுரிப் பக்கத்து மண்ணில் இருந்தோ மடகஸ்காரில் இருந்தோ தோண்டி எடுத்த அசல் கற்கள். வெளியே எடுத்த பிறகு அவற்றுக்கு மனிதர் என்ன செய்தார்கள் என்பதில்தான் விலை பல மடங்கு ஏறி இறங்குகிறது.

என் அப்பா செட்டியார் தெருவில் கல் பதிக்கும் வேலை செய்தவர். வீடு கொட்டாஞ்சேனையில், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கிட்ட. அவருடைய பரிசோதனைக் கருவிகள் மூன்று: பத்து மடங்கு லென்ஸ், இடுக்கி, நாக்கு. கல்லை நாக்கு நுனியில் வைப்பார். சில்லென்று இருந்தால் நல்ல கல். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. நீலக்கல், சிவப்பு மாணிக்கம், கனகபுஷ்பராகம் எல்லாமே குருந்தம் என்ற ஒரே கனிமம், அதாவது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. அது கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நாக்கின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் குளிர்கிறது. ஆனால் 1902இல் ஒகஸ்ட் வேர்நொயில் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினாத் தூளைச் சுவாலையில் உருக்கித் தொழிற்சாலையிலேயே குருந்தம் வளர்க்கும் வழியை அறிவித்தார். அதுவும் நாக்கில் குளிரும், அதுவும் குருந்தமே. இப்போதே சொல்லிவிடுகிறேன், எங்கள் கூடத்தில் கல்லைப் பார்க்கும் லேசருக்கும் முதற் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். தொழிற்சாலைக் கல்லைப் பிடிக்க நான் இன்றும் நுண்காட்டியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளைத்தான் தேடுகிறேன். லேசர் எல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

அப்படியென்றால் லேசர் எதைச் சொல்கிறது?

எங்களிடம் இருப்பது இராமன் நிறமாலைமானி பொருத்திய நுண்காட்டி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.இராமன், கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் 1928 பெப்ரவரி 28இல் கண்ட விளைவுதான் அதன் அடிப்படை. ஒரே நிறத்து ஒளியை ஒரு பொருளுக்குள் விட்டால், சிதறி வருவதில் கிட்டத்தட்ட எல்லாமே அதே நிறத்தில் திரும்பும். பல லட்சத்தில் ஒரு துளி, சில வேளை கோடியில் ஒரு துளி, தன் சக்தியில் கொஞ்சத்தை அந்தப் பொருளின் அணுக்களிடம் விட்டுவிட்டு நிறம் மாறி வரும். எவ்வளவு விட்டது என்பது அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. இராமன் மிருதங்கத்தையும் ஆராய்ந்தவர். கரணை பூசிய தோல் தனக்கென்று சில சுருதிகளில் மட்டும் ஒலிப்பதுபோல, ஒவ்வொரு பளிங்கும் தனக்கென்று சில அதிர்வுகளை மட்டும் வைத்திருக்கிறது. குருந்தத்துக்கு அப்படி ஏழு.

இராமனிடம் லேசர் இருக்கவில்லை. முதலில் சூரிய ஒளி, பிறகு பாதரச விளக்கு. மங்கலான அந்தக் கோடுகளைப் புகைப்படத் தகட்டில் பிடிக்க மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நான் பாவிக்கும் பச்சை லேசரின் அலைநீளம் 532 நானோமீற்றர். குருந்தத்தில் பட்டு நிறம் மாறி வரும் ஒளியில் மிகப் பலமானது 544 நானோமீற்றரில் நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. வடிகட்டி லேசரின் சொந்தப் பச்சையைத் தடுத்துவிட, மிச்சத்தைக் கீற்றணி பிரித்துக் கணினித் திரையில் மலைச்சிகரங்களாக வரைந்து காட்டும். இந்த நகர்வை நாங்கள் அலையெண்ணில் வாசிப்போம். அந்தக் கணக்கில் குருந்தத்தின் பெரிய சிகரம் 418. ஸ்பினெல் என்ற இன்னொரு கல்லுக்கு அது ஏறத்தாழ 405. சில விநாடிகளில் பெயர் தெரிந்துவிடும்.

பெயர் தெரிவது சின்ன விசயம் இல்லை. பிரித்தானிய அரச முடியின் முன்புறத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' மாணிக்கமே அல்ல, ஸ்பினெல். இலங்கைக் கற்களிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1945இல் டப்ளினில் டாஃப் பிரபு என்பவர் ஒரு நகைக்காரரின் பழைய கற்களை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பினெல் என்று நினைத்த ஒரு கல்லுக்குள் எல்லாம் இரட்டையாகத் தெரிவதைக் கவனித்தார். ஸ்பினெலில் அப்படித் தெரியக் கூடாது. பட்டை தீட்டிய கல்லில் இருந்தே ஒரு புதுக் கனிமத்தை உலகம் கண்டுபிடித்த முதல் தடவை அது. அவர் பெயரையே வைத்து டாஃபைட் என்றார்கள். இலங்கை மண்ணில் அது கிடைக்கிறது. அதற்கு மஸ்கிரவைட் என்று ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. பழைய கருவிகளுக்கு இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. லேசர் நிறமாலையில் சிகரங்கள் விலகி நிற்கும்.

இராமனைப் பற்றி இன்னும் ஒன்று. பெங்களூரில் தன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த காலத்தில் அவருக்குக் கற்களின் மேல் தீராத மோகம். 1950இல் ஏ.ஜெயராமன், டி.கே.ஸ்ரீனிவாசன் ஆகியோருடன் சேர்ந்து இலங்கைச் சந்திரகாந்தக் கல்லின் அமைப்பைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அம்பலாங்கொடைக்குக் கிட்ட மீட்டியாகொடையில் தோண்டுகிறார்களே, நீலப் பால் போல ஒளி மிதக்கும் கல், அதுதான். பொட்டாசியம் மிகுந்த பெல்ஸ்பாரும் சோடியம் மிகுந்த பெல்ஸ்பாரும் ஆறும்போது ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து நிற்கின்றன. அந்த நுண்ணிய பிரிவுகளில் ஒளி சிதறுவதால்தான் அந்த மிதக்கும் நீலம். காலி வீதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இருப்பதிலேயே மலிவாக விற்கிற கல்லை ஒரு நோபல் பரிசுக்காரர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோசம்.

இனி, கல்லை வைத்துப் பார்க்கும் விதம். முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வருடக்கணக்காகக் கழற்றாத மோதிரத்தில் சவர்க்காரமும் முகப்பூச்சும் சந்தனமும் படிந்திருக்கும். லேசர் பட்டதும் அந்தப் படிவு ஒளிர்ந்து நிறமாலை முழுவதையும் மூடிவிடும். பிறகு பிளாஸ்டிசீன் உருண்டையில் கல்லை அமுக்கி, பட்டை மேலே பார்க்க நிறுத்தி, விளக்கை அணைக்க வேண்டும். நுண்காட்டி வழியாகக் குவிந்த லேசர்ப் புள்ளியின் அகலம் ஒரு மைக்ரோன் அளவு. தலைமயிரே எழுபது மைக்ரோன் தடிப்பு. ஆகவே பட்டையின் விளிம்பு, கீறல், வெடிப்பின் வாய் என்று நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கலாம். கல்லை நகையில் இருந்து கழற்றத் தேவையில்லை. தாலிக்கொடியையோ அம்மம்மாவின் தோட்டையோ கொண்டு வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

சிவப்பு மாணிக்கத்தை வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பச்சை ஒளி பட்ட இடம் சிவப்பாக எரியும். குருந்தத்தில் துளியளவு கலந்திருக்கும் குரோமியம் பச்சையை விழுங்கிவிட்டு 692.8, 694.3 நானோமீற்றரில் இரண்டு சிவப்புக் கோடுகளாகத் திருப்பித் தருகிறது. 1960 மே 16இல் தியோடர் மைமன் கலிபோர்னியாவில் உலகின் முதல் லேசரை எரியவிட்டபோது வந்ததும் இந்த 694.3 நானோமீற்றர் சிவப்புத்தான். அவர் பாவித்தது தொழிற்சாலையில் வளர்த்த இளஞ்சிவப்பு மாணிக்கக் கம்பி. லேசரைக் கொண்டு கல்லைப் பார்க்கிறோம் என்கிறோம், லேசர் பிறந்ததே இந்தக் கல்லில். ஸ்பினெலும் இப்படிச் சிவப்பாக எரியும், அதன் கோடுகள் 685 நானோமீற்றரை ஒட்டிக் கூட்டமாக நிற்கும். ஸ்பினெலைச் சூடேற்றினால் அந்தக் கோடுகள் தடித்துவிடுகின்றன. சூடு வைத்த ஸ்பினெலைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பௌதிகவியலாளர்கள் 'பளிங்கின் மேற்பரப்பு' என்று சொல்வது வேறு. நான் மைக்ரோனில் பேசுகிறேன், அவர்கள் ஓரிரு அணு வரிசையில் பேசுகிறார்கள். 1961இல் மிச்சிகனில் பீற்றர் ஃபிராங்கன் குழுவினர் மாணிக்க லேசரின் சிவப்பைப் படிகக்கல்லுக்குள் செலுத்தி, அலைநீளம் பாதியாகவும் அதிர்வெண் இரட்டிப்பாகவும் ஆன புற ஊதா ஒளியைப் பெற்றார்கள். சான்றாக அனுப்பிய புகைப்படத்தில் இருந்த மங்கலான புள்ளியை அழுக்கென்று நினைத்து அச்சிட்டவர்கள் அழித்துவிட்டார்கள். பின்னாளில் பெர்க்லியில் ஷென் என்ற பௌதிகவியலாளர் இதையே மேற்பரப்பைப் பார்க்கும் வழியாக மாற்றினார். குருந்தம் போன்ற பளிங்குகளில் அணு அடுக்கு, நடுப்புள்ளியைச் சுற்றி எதிரும் புதிருமாகச் சமமாக இருக்கும். அந்தச் சமம் இருக்கும்வரை உள்ளிருந்து இரட்டிப்பு ஒளி வராது. மேற்பரப்பில் ஒரு பக்கம் பளிங்கு, மறுபக்கம் காற்று. சமம் குலைகிறது. ஆகவே வருகிற இரட்டிப்பு ஒளி அந்தக் கடைசி அடுக்கின் செய்தி மட்டுமே. வெள்ளவத்தையில் இதற்கு வேலை இல்லை. ஆனாலும் நீலக்கல்லின் முகத்தில் தண்ணீர் எப்படி ஒட்டுகிறது என்று யாரோ எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

திரும்பி வருவோம், கல்லுக்குச் செய்வதற்கு.

சூடு வைப்பது இந்த மண்ணில் பழைய வேலை. தேங்காய்ச் சிரட்டைக் கரியில் கல்லை வைத்து ஊதுகுழலால் ஊதி, மாணிக்கத்தில் இருக்கும் நீலச் சாயலைப் போக்குவார்கள். கெவுடாக் கதை புதியது. பால் கலங்கியது போன்ற, நிறமில்லாத கெவுடாக் குருந்தத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 1600 பாகை செல்சியசுக்கும் மேலே சூடேற்றினால், கலங்கலாகத் தெரிந்த ரூட்டைல் ஊசிகள் கரைந்து, அவற்றின் தைட்டேனியமும் கல்லில் இருந்த இரும்பும் சேர்ந்து நீலம் எழும். எங்கள் கல், அவர்கள் அடுப்பு, அவர்கள் இலாபம். பிறகு இங்கேயும் உலைகள் வந்தன. இந்தச் சூட்டை வியாபாரிகள் ஒளிப்பதில்லை. கல்லில் ஏற்கெனவே இருந்ததை வெளியே கொண்டு வந்ததாகத்தான் கணக்கு.

வெளியில் இருந்து ஒன்றைப் புகுத்தும்போதுதான் சண்டை. வெடிப்பு நிறைந்த மலிவான மாணிக்கங்களில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றுவது 2004 வாக்கில் பரவியது. வெடிப்பெல்லாம் மறைந்து கல் கண்ணாடி போலத் தெளியும், சில கற்களில் பாதி கண்ணாடியேதான். ஒரு அக்கா மோதிரம் கொண்டு வந்தார். கல்லில் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. பித்தளை விளக்கோடு சேர்த்துத் தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அமிலம் மாணிக்கத்தை ஒன்றும் செய்யாது, ஈயக் கண்ணாடியை அரித்துவிடும். வெடிப்பின் வாயில் லேசரை வைத்தேன். குருந்தத்தின் கூரான சிகரங்களோடு கண்ணாடிக்குரிய அகன்ற மேடும் எழுந்தது. ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் குருந்தம் மட்டும். மரகதத்தில் எண்ணெய் ஊற்றினார்களா, பிசின் ஊற்றினார்களா என்பதையும் இப்படித்தான் பிரிக்கிறோம்.

பெரிலியம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை. 2001இல் சந்தையில் திடீரென்று அழகான செம்மஞ்சள் கற்கள் குவிந்தன. தாமரை நிறத்துப் பத்மராகம், இலங்கையின் பேர்போன கல், அவ்வளவு எண்ணிக்கையில் வர வழியில்லை. 2002 ஜனவரியில் அமெரிக்க இரத்தின வணிகச் சங்கம் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தின் சந்தபுரியில், மூசையில் கிரைசோபெரில் துண்டுகளையும் போட்டு 1800 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடேற்றியிருக்கிறார்கள். எங்கள் வைடூரியமும் கிரைசோபெரில்தான். அதில் இருக்கும் பெரிலியம் மிகச் சிறிய அணு. கல்லின் மேற்பரப்பு வழியாக உள்ளே ஊறும், பத்து லட்சத்தில் சில பங்கு ஊறினாலே நிறம் மாறிவிடும். வெளிறிய கல் நல்ல மஞ்சளாகும். வியாழனுக்குக் கனகபுஷ்பராகம் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான் கிரகம் பார்ப்பதில்லை. ஆனால் சாத்திரியார் 'தீப்படாத கல்' என்று எழுதிக் கொடுத்திருக்க, கடைக்காரர் இதைக் கொடுத்தால் அது ஏமாற்று.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் சிரமம் என்றால், பெரிலியம் தனிம அட்டவணையில் நாலாவது. அவ்வளவு இலேசான தனிமத்தை வழமையான எக்ஸ்-கதிர்க் கருவி காணாது. எங்கள் இராமன் கருவிக்கும் தெரியாது. கல்லைத் திரவத்தில் அமிழ்த்திப் பார்த்தால், சில கற்களில் பட்டையின் வடிவத்தைப் பின்பற்றி ஓரமெல்லாம் செம்மஞ்சள் வளையம் தெரியும். நிறம் வெளியே இருந்து வந்ததற்கு அது சாட்சி. சிறு கல்லில் நடுவரை ஊறிவிடுவதால் வளையமே இருக்காது. அப்போது வேறு வகை லேசர் வேண்டும், எரிக்கிற லேசர். கல்லின் இடுப்பு விளிம்பில் துடிப்புகளை விட்டால் ஐம்பது மைக்ரோன் அளவில் ஒரு குழி விழும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆவியான கல்லை வாயு ஒன்று இழுத்துக்கொண்டு, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாவுக்குள் கொண்டுபோகும். அங்கே சிதறும் அணுக்களைத் திணிவு வாரியாக எண்ணுவார்கள். இன்னொரு முறையில் லேசர் தெறிக்கவைக்கும் பொறியின் ஒளியையே படிப்பார்கள். பெரிலியம் இருந்தால் 313 நானோமீற்றரில் கோடு விழும். இரண்டும் எங்கள் மாடியில் இல்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் கல் பாங்கொக்குக்கோ சுவிற்சர்லாந்துக்கோ போகும். "குழி விழுத்துவாங்களா?" என்று ஒரு நானா பதறினார். முன்பு அப்படிப் போய் வந்த ஒரு கல்லைக் காட்டும்வரை அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அதில் குழியை லென்சில் தேடித் தேடி, கிடைக்காமல், "சரி அனுப்புங்க மகள்" என்றார்.

பெரிலியம் இருக்கிறது என்ற ஒரு எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. தீப்படாத சில நீலக்கற்களிலும் இயற்கையாகவே அது இருக்கிறது. அவற்றில் நயோபியம், தந்தாலம் போன்ற கனமான தனிமங்களும் கூடவே இருக்கும். உலையில் புகுந்த பெரிலியம் தனியாக நிற்கும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை இதற்கு நேர்மாறானது, தீயே படவில்லை என்று காட்டுவது. இலங்கை நீலக்கல்லுக்குள் சில வேளை நுண்ணிய அறைகள் இருக்கும். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டுக் கிடக்கும் கரியமில வாயு, அழுத்தத்தில் திரவமாகி, நடுவில் ஒரு குமிழியோடு. கரியமில வாயு 31 பாகை செல்சியசைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பேதம் இல்லாமல் போய்விடும். ஆகவே உள்ளங்கையில் கல்லைப் பொத்திச் சூடாக்கினால் குமிழி மறையும், ஏசி அறையில் வைத்தால் திரும்பி வரும். ஏப்ரல் மாதத்தில் மின்சாரம் நின்றால் கொழும்பில் குமிழியைப் பார்க்கவே முடியாது. லேசரை அந்த அறைக்குள் குவித்தால் 1285, 1388 என்ற இரண்டு சிகரங்கள் எழும். கரியமில வாயுவேதான் என்று உறுதி. உலையின் சூட்டில் இந்த அறைகள் வெடித்துவிடும். முழுதாக இருந்தால் கடும் சூடு காணாத கல்.

எல்லாக் கல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. இப்போது எங்களைத் தலையைப் பிய்க்க வைப்பது மென்சூடு. 1000 பாகைக்குக் கீழே கொஞ்ச நேரம் சூடேற்றி, இளஞ்சிவப்புக் கல்லில் இருக்கும் நீலச் சாயலை மட்டும் கழற்றுகிறார்கள். ஊசிகள் கரைவதில்லை, உள்ளே இருக்கும் பளிங்குத் துணுக்குகள் உருகுவதில்லை, லென்சில் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே சிர்க்கோன் துணுக்கு இருந்தால் அதில் லேசரைக் குவித்து, 1010ஐத் தாண்டி நிற்கும் சிகரத்தின் இடத்தையும் அகலத்தையும் அளக்கலாம், சூட்டில் அவை மாறும். சிர்க்கோனே இல்லாத கல் என்றால் கையில் பிடி இல்லை. அதனால்தான் எங்கள் அறிக்கையில் 'தீப்படாத கல்' என்று எழுதுவதில்லை, 'சூடேற்றியதற்கான அறிகுறி காணப்படவில்லை' என்று எழுதுகிறோம். அதுவும் முடியாத கல்லுக்கு 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதிக் கொடுப்போம். அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு, கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்கிறவர்களும் உண்டு.